சந்தா கட்டும் முன் எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள்

பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் ஆப்பான பாஸ்வேர்டு மேனேஜருக்கு வருடச் சந்தா கட்டும் முன், சும்மா இரண்டு மூன்று பொய்க் கணக்குகளைப் போட்டு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அந்தக் கோப்பை கீபாஸ்எக்ஸ்சி என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் (நிரலை யாரும் பார்க்கக்கூடிய) பாஸ்வேர்டு மேனேஜரில் இம்போர்ட் செய்து பாருங்கள். எல்லாம் சரியாக வந்தால் தைரியமாகச் சந்தா கட்டலாம். நாளைக்கே விலை ஏறினாலும், கம்பெனி மூடினாலும் உங்கள் பாஸ்வேர்டுகள் உங்களோடு வரும். வராவிட்டால், எவ்வளவு வசதி இருந்தாலும் நான் அதைத் தொடமாட்டேன்.

கீபாஸ்எக்ஸ்சியையே வைத்துக்கொண்டாலும் போதும். பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் அதன் கேடிபிஎக்ஸ் கோப்பை ஆண்ட்ராய்டு போனில் கீபாஸ்டிஎக்ஸ் என்ற ஆப் திறக்கும்; கோப்பு போனிலேயே இருப்பதால் மாஞ்சோலை மலைப் பக்கம் சிக்னல் இல்லாவிட்டாலும் கவலையில்லை. ஆனால் பேக்கப் எடுப்பது உங்கள் பொறுப்பு. கோப்பைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு மறந்தால் மீட்டுத்தர ஆள் கிடையாது.

வீட்டில் நாலைந்து பேர் பாஸ்வேர்டுகளைப் பகிர்கிறீர்கள் என்றால் கீபாஸ்எக்ஸ்சி சிரமம்தான். பிட்வார்டன் என்ற பாஸ்வேர்டு மேனேஜர் எளிது, அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான். ஆபீஸ் கொடுத்த ஆப்புக்கு இந்தச் சோதனை வேண்டாம், அது அவர்கள் முடிவு. அப்புறம், எக்ஸ்போர்ட்டில் வழக்கமாக வரும் சிஎஸ்வி என்ற சாதாரண எழுத்துக் கோப்பில் பாஸ்வேர்டு அப்படியே வெளியே தெரியும். ஜங்ஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உண்மையான பாஸ்வேர்டுகளை எக்ஸ்போர்ட் செய்யவே செய்யாதீர்கள்.