நின்றுபோன காரைச் சரிசெய்வதா, தள்ளிவிடுவதா

கல்லிடைக்குறிச்சி வீட்டுப் பின்பக்கச் சாய்ப்பில் அப்பாவின் மாருதி 800 ஆறு வருஷம் நின்றது. 1998 மாடல், டிஎன் 72 நம்பர். 2019இல் அப்பா போன பிறகு யாரும் அதைத் தொடவில்லை. மேலே ஒரு தார்ப்பாய், தார்ப்பாய்மேல் வேப்பஞ்சருகு, பக்கத்தில் தேங்காய் மட்டைக் குவியல். பெங்களூரில் இருக்கும் தம்பி போனில் பேசும்போதெல்லாம் "வித்துருண்ணே" என்பான். அம்மாவோ, "ஏலே, அது அப்பா ஓட்டுன வண்டி, கெடந்துட்டுப் போகுது" என்பாள். போன புரட்டாசியில்தான் ஒரு முடிவுக்கு வந்தோம். அதே சமயம் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் சித்தப்பாவின் காருக்கும் முடிவு கட்ட வேண்டியிருந்தது. ஒன்றைச் சரிசெய்தோம், ஒன்றை உடைக்கக் கொடுத்தோம். இரண்டிலும் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

எல்லாரும் முதலில் பானட்டைத் திறந்து இன்ஜினைத்தான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் போனேன். மெக்கானிக் அண்ணாச்சி என்னைத் தடுத்து, "தம்பி, ஆர்சி புக் எங்க?" என்று கேட்டார். அவர் கேட்டதுதான் சரி. இன்ஜினை எப்படியும் ஓட வைத்துவிடலாம். காகிதம் செத்துப்போயிருந்தால் ஓடுகிற வண்டியையும் ரோட்டில் இறக்க முடியாது.

சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருஷம். அதற்கப்புறம் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். அப்பா 2013லும் 2018லும் புதுப்பித்திருந்தார்; 2023இல் காலாவதி. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் அதையே 10,000 ஆக்கிவிட்டார்கள். தாமதித்த மாதங்களுக்கு அபராதம், பசுமை வரி, புகைச் சான்று, இன்சூரன்ஸ் எல்லாம் தனி. நம் சோம்பலுக்கு இவ்வளவு விலை.

உரிமையாளர் இறந்திருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பாரம் 31 என்ற படிவத்தில் பெயர் மாற்றக் கேட்க வேண்டும் என்பது விதி. நாங்கள் போனதோ ஆறு வருஷம் கழித்து. தாலுகா ஆபீசில் வாங்கிய வாரிசுச் சான்றிதழோடு அம்மாவிடமும் தம்பியிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கினேன். அதில்கூடச் சிரமமில்லை. அப்பா 2001இலேயே அடைத்துவிட்ட கார் கடன் ஆர்சியில் இன்னும் அப்படியே இருந்தது. கடன் கொடுத்த வங்கிக் கிளை வேறு இடத்துக்குப் போய், பழைய பேரேட்டைத் தேடி, தடையில்லாச் சான்றும் கடன் முடிந்ததைச் சொல்லும் பாரம் 35உம் தருவதற்குள் நான்கு நடை நடந்தேன். உங்கள் ஆர்சியில் வங்கிப் பெயர் ஏதாவது இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். சரிசெய்தாலும் விற்றாலும் அது குறுக்கே வந்து நிற்கும்.

அடுத்தது துரு. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் வண்டியின் அடிப்பக்கம், கதவுக்குக் கீழே உள்ள படி, ஜாக்கி வைக்கும் இடம், முன்சக்கரத்துக்கு மேலே ஷாக் அப்சார்பர் உட்காரும் இடம் எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். "டங்" என்றால் தகடு இருக்கிறது. "தொப்" என்றால் அங்கே இருப்பது ஓட்டையை மூடிப் பூசிய பட்டியும் பெயிண்டும்தான். துணி சுற்றிய காந்தம் ஒட்டாவிட்டாலும் அதே அர்த்தம். கதவில் ஓட்டை விழுந்தால் பற்றவைத்து அடைத்துவிடலாம். ஷாக் உட்காரும் இடமோ அடிச்சட்டமோ அரித்திருந்தால் அதற்குமேல் செலவழிக்காதீர்கள். எங்கள் காரில் டிரைவர் காலடித் தகடு மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் போயிருந்தது. தார்ப்பாயை இழுத்துக் கட்டாமல் காற்றோட்டமாகப் போட்டிருந்ததால் தப்பியது.

இதெல்லாம் தேறிய பிறகுதான் இன்ஜின். தயவுசெய்து புது பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருகிவிடாதீர்கள். வருஷக்கணக்கில் நின்ற இன்ஜினில் எண்ணெய் முழுக்கக் கீழே இறங்கி, பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். அண்ணாச்சி செய்தது இது. மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினார். ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, இரண்டு நாள் அப்படியே போட்டுவைத்தார். மூன்றாம் நாள் வண்டியை நியூட்ரலில் வைத்து, இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி, கையாலேயே மெதுவாகத் திருப்பினார். முதலில் அசையவில்லை. அவர் அழுத்தவுமில்லை. ஒரு பீடியைக் குடித்து முடித்துவிட்டு வந்து மறுபடி பிடித்தபோது 'கிர்ர்' என்று கால் சுற்று நகர்ந்தது. அப்புறம் முழுச் சுற்று. "சுத்துதுல்லா, பிழைச்சிரும்" என்றார். இரண்டு மூன்று தடவை இப்படி ஊறவைத்தும் சுற்றாத இன்ஜினைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். அந்தச் செலவு பழைய 800க்குத் தாங்காது.

டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோல் வார்னிஷ் நாற்றம் அடித்தது. அதைக் கீழே இறக்கி, டேங்கைக் கழுவி, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் பிசின் பிடித்திருந்ததால் அதையும் பிரித்துச் சுத்தம் செய்தோம். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். அதனால் பெட்ரோல் குழாய் எல்லாமே புதுசு. பிரேக் ஆயிலும் ஈரம் இழுக்கிற சரக்குதான். சக்கரச் சிலிண்டர்கள் இறுகிப்போயிருந்தன. டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். எங்களுடையதில் 2215, அதாவது 2015இன் 22ஆவது வாரம். பூ, அதாவது ரோட்டில் படும் வரிகள், தேயாமல் அப்படியே இருந்தாலும் பத்து வயசு டயரை நம்பி ஏறக்கூடாது. இன்ஜின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டைப் பார்க்காமலே மாற்றிவிடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியில் எலி கூடு கட்டி, அரை மரக்கால் உமி சேர்த்து வைத்திருந்தது. வயல்காட்டு ஊரில் எலி கடித்த வயரிங் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

சித்தப்பா காருக்கு இந்த யோசனையே தேவைப்படவில்லை. 2023 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி வண்ணார்பேட்டைக்குள் வந்துவிட்டது. டேஷ்போர்டு மூழ்கச் சேற்றுத் தண்ணீரில் நின்ற கார் அது. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் இருந்ததால் நஷ்டஈடும் கிடையாது. மாருதியைவிட 16 வருஷம் இளசு, பார்க்கவும் பளபளப்பு. ஆனால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு, சென்சார், ஏர்பேக் வயர் எல்லாவற்றிலும் பச்சைப் பாசி மாதிரி செம்புக் களிம்பு. ஒன்றை மாற்றினால் அடுத்தது போகும். புது எலக்ட்ரானிக்ஸ் மூழ்கினால் விட்டுவிடுங்கள். நனையாத பழைய கார்புரேட்டர் வண்டி அதைவிடத் தேவலை.

விடுவதென்றாலும் முறை இருக்கிறது. பழைய இரும்புக் கடைக்காரர் கையில் காசு தருகிறார் என்று அப்படியே தள்ளிவிடாதீர்கள். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ, விபத்து நடந்தால் அவரே உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆளுக்கு விற்றால் பெயர் மாற்றத்துக்கான பாரம் 29, 30 போட்டுப் பெயர் மாறியதைக் கண்ணால் பாருங்கள். உடைக்கக் கொடுத்தால் அரசுப் பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கி, பதிவை ரத்து செய்யுங்கள். அந்தச் சான்றிதழுக்குப் புதுக் கார் வாங்கும்போது சாலை வரியில் சலுகை உண்டா என்றும் ஆர்டிஓவில் கேட்டுப் பாருங்கள்.

இனி பணக்கணக்கு. பேட்டரி, டயர், பிரேக், வயரிங், கார்புரேட்டர், தகடு எல்லாம் சேர்த்து எனக்கு 36,000 ஆனது. காகிதச் செலவு தனி. சரிசெய்வதற்கு முன்பு, இருந்த நிலையிலேயே ஒருவர் 18,000 ரூபாய்க்கு வாங்கிக்கொள்வதாகக் கேட்டார். ஓடுகிற நிலையில், உயிருள்ள ஆர்சியோடு இதே வயசு 800 எங்கள் பக்கம் என்ன விலை போகிறது என்று விசாரித்தேன். என் செலவு அதைத் தாண்டிவிட்டது. ஆக, விற்பதற்காகச் சரிசெய்யாதீர்கள். ஓட்டுவதற்கு ஆள் இருந்தால் மட்டும் செய்யுங்கள். எனக்கு வாரம் ஒருமுறை அம்மாவை ஆற்றுக்கு அக்கரையில் அம்பை (அம்பாசமுத்திரம்) ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அதனால் செய்தேன்.

முதல் நாள் பாலம் தாண்டும்போது அம்மா மொத்தச் செலவு எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன். "இந்தத் துட்டுக்கு ஒரு கறவை மாடு பிடிச்சிருக்கலாமேலே" என்றாள்.