ஆஸ்பத்திரியில் 158, வீட்டில் 134: பிபி மிஷினில் சரியாகப் பார்ப்பது எப்படி?

போன சித்திரையில் அம்மாவை வேலூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். சத்துவாச்சாரியிலிருந்து கூட்டமான பஸ், மாடிப்படி, இரண்டு மணி நேரக் காத்திருப்பு. உள்ளே போனதும் பார்த்தார்கள்: 158/94. "மாத்திரையைக் கூட்டுறதுக்கு முன்னாடி ஒரு வாரம் வீட்ல பாத்து எழுதிட்டு வாங்கம்மா" என்றார் டாக்டர்.

சிலருக்கு ஆஸ்பத்திரி வாசலை மிதித்தாலே பிரஷர் ஏறும், வீட்டில் சரியாக இருக்கும். சிலருக்கு இது தலைகீழ். அங்கே நன்றாகக் காட்டிவிட்டு வீட்டில் ஏறியிருக்கும். இந்த இரண்டாவது வகைக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன், யாரும் கவனிக்காமலே போய்விடும்.

மிஷின்

மேல்கையில் சுற்றும் டிஜிட்டல் மிஷினையே வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டவே வேண்டாம், கை கொஞ்சம் ஏறி இறங்கினாலும் எண் மாறிவிடும். வாங்கும் முன் இன்ச் டேப்பால் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே சுற்றளவு எடுங்கள். பட்டையில் அச்சிட்டிருக்கும் செ.மீ. அளவுக்குள் அது வரவேண்டும். பெரிய கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் எண் கூடுதலாகக் காட்டும். அப்பாவின் கை 35 செ.மீ. மிஷினோடு வந்த பட்டை 22–32 தான், பெரியதைத் தனியாக வாங்கினோம்.

உட்காரும் விதம்

அரைமணி முன்பிருந்தே காபி, டீ, பீடி, சிகரெட், வேகநடை எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து ஐந்து நிமிடம் சும்மா உட்காரவேண்டும்.

எங்களுக்குத் தப்பு நடந்தது இங்கேதான். அம்மா கட்டில் ஓரத்தில் உட்காருவார். கால் தரைக்கு எட்டாது, முதுகுக்குச் சாய்மானம் கிடையாது. மிஷின் தாழ்வான ஸ்டூலில், கையும் அங்கேயே. மூன்று நாளும் 150க்குக் கீழே இறங்கவில்லை. அம்மாவுக்குத் தூக்கமே போய்விட்டது.

இந்த மூன்றுமே எண்ணை ஏற்றிவிடும். அதிலும் கையின் உயரம் முக்கியம். பட்டை இதயத்தைவிட 10 செ.மீ. தாழ்ந்திருந்தால், இடையில் நிற்கும் ரத்தத்தின் பாரமே 7, 8 புள்ளி கூட்டிக் காட்டும். நாலாம் நாள் சாய்மான நாற்காலியில் உட்காரவைத்தேன். இரண்டு பாதமும் தரையில், கால்மேல் கால் இல்லை. மேஜைமேல் போர்வையை மடித்துப் போட்டு அதன்மேல் கை, பட்டை நெஞ்சின் மத்திக்கு நேராக. 136 காட்டியது. மேஜை இல்லாவிட்டால் டிரங்குப் பெட்டிமேல் தலையணை போதும். கையை அவர்களாகவே தூக்கிப் பிடிக்க விடாதீர்கள், தசை இறுகும்.

ஜாக்கெட் கையைச் சுருட்டி ஏற்றினால் அது கயிறு மாதிரி இறுக்கும். தொளதொள கை வைத்த நைட்டி நல்லது. பட்டை வெறுங்கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே. மிஷின் ஓடும்போது பேச்சு கூடாது. "அடுப்புல பால் இருக்குடா" என்று அம்மா சொன்னாலும் நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

எழுதுவது

முதல் நாள் இரண்டு கையிலும் பாருங்கள். எதில் அதிகமோ அந்தக் கையிலேயே தொடருங்கள். காலையில் மாத்திரைக்கும் டிபனுக்கும் முன், இரவில் சாப்பாட்டுக்கு முன், ஒவ்வொரு வேளையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு சராசரி போடுங்கள். பிடிக்காத எண்ணையும் எழுதவேண்டும். ஆஸ்பத்திரியில் எல்லைக்கோடு 140/90, வீட்டுச் சராசரிக்கு 135/85.

நாங்கள் புதிதாக ஏழு நாள் எழுதினோம். சராசரி 134/82. மிஷினையும் கூடவே எடுத்துப்போனோம். டாக்டர் தன்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, மாத்திரையை இருந்தபடியே விட்டார்.

பின்சேர்ப்பு

குடியாத்தத்திலிருந்து ஒருவர் கேட்டார்: கத்திரி வெயிலில் எண் இறங்குகிறது, மாத்திரையை நிறுத்தலாமா? வெயிலில் ரத்தக்குழாய் விரியும், வியர்வையில் உப்பும் நீரும் போகும், அதனால் இறங்கும். எழுந்தால் தலைசுற்றுகிறதென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நாடித்துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு இந்த மிஷின் தடுமாறும். அவர்கள் ஒருமுறை டாக்டர் கையால் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இன்னொன்றை முதலிலேயே எழுதியிருக்கவேண்டும். 180/120 தாண்டினால் சில நிமிடம் அமைதியாக உட்காரவைத்து மறுபடி பாருங்கள். இறங்கவில்லையென்றால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல் இருந்தால் இரண்டாவது தடவை பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே 108.