ஒரே அறையில் ஐந்து வகுப்பு: மூன்று பருவத்தையும் எப்படித் திட்டமிடுவது

உசிலம்பட்டிப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். தலைமை ஆசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டால் ஒன்றிலிருந்து ஐந்து வரை எல்லாப் பிள்ளைகளும் என் முன்னால்தான். புதிதாக வருகிற ஆசிரியர்கள் முதலில் கேட்பது, ஐந்து வகுப்புக்கும் தனித்தனியாகப் பாடம் நடத்தணுமா என்பதுதான். வேண்டாம். பருவம் தொடங்குவதற்கு முன் எல்லாப் புத்தகங்களின் பொருளடக்கத்தையும் தரையில் பரப்பி வைத்து, எது எதோடு ஒட்டும் என்று பாருங்கள். ஒன்று, இரண்டுக்குச் சூழ்நிலையியல், மூன்றிலிருந்து அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனி. புத்தகத்தின் பெயர்தான் வேறு, உள்ளே செடியும் தண்ணீரும் உணவும் திரும்பத் திரும்ப வரும். பருவத்துக்கு ஒரு பொருளை எடுத்து, ஒவ்வொரு வயதுக்கும் ஏற்ற ஆழத்தில் கொடுங்கள்.

ஜூனில் தொடங்கும் முதல் பருவத்தில் நான் எடுப்பது அளவை. பூக்கட்டும் நாரைக் கொடுத்துத் திண்ணையை அளக்கச் சொல்வேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு முழம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றாம் வகுப்புப் பாப்பா அளந்தால் 12 முழம், ஐந்தாம் வகுப்பு அண்ணன் அளந்தால் 10. இரண்டு பேரும் தான் சொன்னதுதான் சரி என்று நிற்பார்கள். அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள், சண்டை நடக்கட்டும். "அவ கை சின்னது சார்" என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும், அப்போது ஸ்கேலை எடுங்கள். சின்னவர்கள் எண்ணுவார்கள், மூன்றாம் வகுப்பு சென்டிமீட்டரில் எழுதும், பெரியவர்கள் அதை மீட்டராக மாற்றுவார்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரண்டாம் பருவம், வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். அதனால் மழையளவு பார்க்க ஒரு மழைமானி செய்வோம். தண்ணீர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, தலைகீழாக அதன் மேலேயே புனல் மாதிரி வையுங்கள். அடி சமமாக இருக்காது என்பதால் கூழாங்கல் போட்டு, அது மூழ்குகிற வரை தண்ணீர் ஊற்றி, அந்த இடத்தில் பூஜ்யம் என்று கோடு போடுங்கள். மழை பெய்த நாளில் சின்னவர்கள் காலண்டரில் துளி வரைவார்கள், நடுவில் உள்ளவர்கள் மில்லிமீட்டர் பார்ப்பார்கள், பெரியவர்கள் மாதக் கடைசியில் பட்டை வரைபடம் போடுவார்கள்.

வாசிப்பும் கணக்கும் மட்டும் வகுப்பைப் பார்த்துப் பிரிக்கக் கூடாது. அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்க 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று நிலை வைத்திருக்கிறார்களே, அதைப் பார்த்துக் குழு சேருங்கள். நான்காம் வகுப்புப் பையன் அரும்பு நிலையில் இருந்தால் அவன் கூசிப்போவான். அவனைச் சின்னவர்களோடு சேர்த்து உட்காரவைப்பதற்குப் பதில், ஒன்றாம் வகுப்புக்கு எழுத்தட்டை காட்டுகிற வேலையை அவனிடம் கொடுங்கள். தினமும் அந்த அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருவான்.

இதற்கு நேரம் எங்கே என்று கேட்டால், காலையில்தான். விடியுமுன் மல்லிப்பூ எடுக்கப் போகிற வீட்டுப் பிள்ளைகள் சீக்கிரமே வந்துவிடுவார்கள். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு (2022 செப்டம்பரில் நம் மதுரையில்தான் தொடங்கினார்கள்) வயிறும் நிறைந்திருக்கும். சாப்பிட்டு முடித்து மணி அடிக்கிற வரை உள்ள இருபது நிமிடம் வாசிப்புக்கு மட்டும்.

பெற்றோருக்கு இந்தப் பருவம் என்ன படிக்கிறார்கள் என்பதை வாசல் பக்கச் சுவரில் பெரிய எழுத்தில் ஐந்து வரியாக ஒட்டுங்கள். படிக்கத் தெரியாத அம்மா வந்தால் பிள்ளையே வாசித்துக் காட்டட்டும். கூட்டத்தைச் சாயங்காலம் வையுங்கள், காலையில் வைத்தால் பூ எடுக்கிறவர்கள் வர முடியாது.

மூன்றாம் பருவம் சீக்கிரம் ஓடிவிடும். பொங்கல் விடுமுறை, அப்புறம் ஆண்டுத் தேர்வு, அதோடு சித்திரைத் திருவிழா. புதிய பொருளைப் பிப்ரவரிக்குள் முடித்துவிடுங்கள். மீதி நாளில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து வாசிக்கச் சொல்லி, எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். ஜூனில் பள்ளி திறந்த முதல் நாள் அந்த நோட்டைத்தான் முதலில் பிரிக்க வேண்டும்.