பழைய தமிழ்ப் படத் தகவல் தேடும்போது சறுக்கும் இடங்கள்

விக்கிபீடியா, ஐஎம்டிபி, ஒரு யூடியூப் சேனல். மூன்றிலும் ஒரே தேதி இருந்தால் உறுதி என்று நினைப்பதுதான் முதல் தவறு. பெரும்பாலும் ஒன்றைப் பார்த்து மற்றது எழுதியிருக்கும், சான்று ஒன்றுதான். ஐஎம்டிபி தகவல்களில் பெரும்பகுதி பயனர்கள் அனுப்புவது. விக்கிபீடியாவில் வாக்கியத்தின் முடிவிலுள்ள எண்ணை அழுத்திப் பாருங்கள். அடிக்குறிப்பு நாளிதழுக்கோ நூலுக்கோ போகாமல் இன்னொரு இணையதளத்தில் நின்றால், இன்னும் பின்னால் போக வேண்டும்.

வெளியீட்டுத் தேதியில்தான் சறுக்கல் அதிகம். தணிக்கைச் சான்றிதழில் இருப்பது சான்று தந்த நாள். டிசம்பரில் தணிக்கை முடிந்து பொங்கலுக்கு வந்த படத்துக்கு ஆண்டே மாறிவிடும். அன்றைய நாளிதழின் தியேட்டர் விளம்பரத்தைப் பாருங்கள். அதிலும் ‘விரைவில்’ உதவாது, ‘இன்று முதல்’ வேண்டும். பண்டிகைப் படம் என்றால் பழைய நாள்காட்டியோடு ஒப்பிடலாம்: ‘பராசக்தி’ வந்த 1952 அக்டோபர் 17 தீபாவளி நாள். இரண்டும் பொருந்தாவிட்டால் ஏதோ ஒன்று பிழை.

பெயரோடு ஆண்டையும் சேர்த்தே குறித்துவையுங்கள். ‘கர்ணன்’ 1964இல் வந்தது, 2012இல் டிஜிட்டலாக மறுவெளியீடு ஆனது; 2021இல் அதே பெயரில் தொடர்பே இல்லாத வேறு படம்.

ஓடும் நேரத்தை யூடியூப் பிரதியிலிருந்து எடுக்காதீர்கள். பாட்டு, நகைச்சுவைப் பகுதிகளை வெட்டிய பிரதிகள் ஏராளம். படத்தின் நீளம் அடியில் கிடைத்தால் கணக்கு எளிது: 35 மி.மீ. படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 16,200 அடி என்றால் 180 நிமிடம். கையிலுள்ள பிரதி 150 நிமிடம்தான் என்றால், இல்லாத அரைமணி நேரத்தைப் பற்றி எதுவும் தீர்ப்பு எழுத முடியாது.

பாட்டுப் புத்தகம் அருமையான ஆவணம்: நடிகர் பட்டியல், ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று பாதியில் நிற்கும் கதைச் சுருக்கம், பாடல் வரிகள். ஆனால் படம் வருமுன்பே அச்சானது என்பதால், படத்தில் இல்லாத பாட்டும் அதில் இருக்கலாம். பாடலாசிரியர் பெயரைப் படத்தின் டைட்டிலோடும் இசைத்தட்டின் லேபிளோடும் ஒப்பிடுங்கள். சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இவ்வகைப் புத்தகங்களும் பழைய இதழ்களும் உண்டு. படப் பெயர், ஆண்டு, எந்த மாதத்து இதழ் என்று எழுதி எடுத்துப் போனால் ஒரு நாளில் வேலை முடியும். ‘ஐம்பதுகளின் சினிமா’ என்று போய் நின்றால் முடியாது.

பட்டியலுக்கு பிலிம் நியூஸ் ஆனந்தனின் ‘சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு’ நல்ல தொடக்கம். என்றாலும் எந்த நூலையும் ஒற்றைச் சான்றாக நம்ப வேண்டாம். முதல் தமிழ் மௌனப்படமான ‘கீசக வதம்’ வந்த ஆண்டை 1916, 1917, 1918 என்று ஆளுக்கொன்றாக எழுதியிருக்கிறார்கள். அதற்கும் சரி, 1931இல் வந்த ‘காளிதாஸ்’ படத்துக்கும் சரி, பிரதி கிடையாது. அவற்றின் காட்சிகளை நேரில் பார்த்ததுபோல வர்ணிக்கும் இன்றைய கட்டுரையை அப்படியே தள்ளி வையுங்கள்.

வசூல் எண்களுக்கு இங்கே பொதுவான, கணக்காய்வாளர் சரிபார்த்த கணக்கு வெளிவருவதில்லை. போஸ்டரில் வரும் கோடி தயாரிப்பாளர் தரப்பு சொல்வது. பெரும்பாலும் வரியும் தியேட்டர் பங்கும் கழிக்காத மொத்தம். ‘100வது நாள்’ விளம்பரமும் அப்படித்தான்: எத்தனை தியேட்டரில், தினம் எத்தனை காட்சி என்று பார்க்காமல் எடுத்தாள வேண்டாம். கடைசி வாரங்களில் ஒரே ஒரு பகல் காட்சியோடு இழுத்துப்பிடித்த படங்களும் அந்தக் கணக்கில்தான் வரும்.