இரண்டு வயதுக் குழந்தையோடு சென்னையில் ஊர் சுற்ற: 200 ரூபாய்க்குள், படிப்படியாக

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளை ஒரு மாலில் இருக்கும் குழந்தைகள் விளையாட்டு அரங்கத்துக்குக் கூட்டிப் போனோம். அவளுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. ஒரு மணி நேரத்துக்கு 600 ரூபாய். கூட வரும் பெரியவரும் சாக்ஸ் போட வேண்டும் என்று அதற்குத் தனியாக 50. உள்ளே பந்துக் குளம், சறுக்குமரம், ஏணி எல்லாம் இருந்தன. அவள் முக்கால் மணி நேரத்தை வாசலில் செருப்பு வைக்கும் அடுக்கில் கழித்தாள். ஒவ்வொரு செருப்பாக எடுத்து வெளியே வைப்பாள், பிறகு எடுத்து உள்ளே வைப்பாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

செருப்பு நம் வீட்டிலேயே இருக்கிறதே என்று திரும்பி வரும்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து மாதத்தில் மூன்று நான்கு முறை அவளோடு வெளியே போகிறேன். ஒரு தடவைக்கு 200 ரூபாய்க்கு மேல் ஆனதில்லை. பாதி நாட்கள் 50 கூட ஆவதில்லை. ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை உள்ள குழந்தையை முதன்முறையாக வெளியே கூட்டிப் போகத் தயங்குகிறவர்களுக்காக, நான் செய்கிற விதத்தை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: இடத்துக்கு முன்னால் நேரத்தை முடிவு செய்யுங்கள்

உங்கள் குழந்தை பகலில் எத்தனை மணிக்குத் தூங்கும் என்று ஒரு வாரம் கவனியுங்கள். என் மகள் பன்னிரண்டரைக்குச் சாய்ந்துவிடுவாள். அப்படியானால் காலை ஏழுக்குக் கிளம்பிப் பத்தரைக்குள் வீடு, அல்லது மாலை நாலரைக்குக் கிளம்பி ஏழுக்குள் வீடு. நடுவில் வேறு நேரமே கிடையாது. தூக்கம் வரும் நேரத்தில் குழந்தையைத் தாஜ்மகாலுக்கே கூட்டிப் போனாலும் அழுகைதான்.

சென்னை வெயிலும் இதையேதான் சொல்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் காலை ஒன்பதுக்கு மேல் வெளியில் நிற்க முடியாது. அந்த இரண்டு மாதமும் மேலே கூரை உள்ள இடங்கள் மட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வீட்டுக்குப் பக்கத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஆரம்பிக்க ஏற்ற காலம் என்றால் பொங்கலை ஒட்டிய வாரங்கள்.

படி 2: போகிற வண்டிதான் பாதி உலா

புதிதாக ஆரம்பிக்கும் பெற்றோர் இங்கேதான் காசை விடுகிறார்கள். சிரமம் வேண்டாம் என்று காரில் போய் இறங்குகிறோம். குழந்தைக்கோ பஸ்தான் வேண்டும். கதவு திறப்பது, கண்டக்டர் விசில், பக்கத்து சீட்டுப் பாட்டி, ஜன்னலுக்கு வெளியே மாடு. இத்தனையையும் விட்டுவிட்டு ஏசி போட்ட காரில் பெல்ட்டுக்குள் கட்டி உட்காரவைத்தால் அது அழாமல் என்ன செய்யும்?

பஸ்: மாநகரப் பேருந்தில் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து இலவசம். முகப்பில் இளஞ்சிவப்புப் பெயின்ட் அடித்திருப்பதைப் பார்த்து ஏறலாம். ஐந்து வயது வரை குழந்தைக்கும் டிக்கெட் இல்லை. ஆக அம்மாவும் பிள்ளையுமாகப் போனால் செலவு பூஜ்யம். அப்பா கூட்டிப் போனால் அவருக்கு மட்டும் டிக்கெட். கூட்டமில்லாத நேரத்தில், பஸ் புறப்படும் நிலையத்திலேயே ஏறுங்கள். ஜன்னல் சீட் கிடைக்கும். கிடைக்காவிட்டாலும் பெரும்பாலும் யாராவது ஒருவர் "பாப்பாவை இந்தப் பக்கம் உட்கார வைம்மா" என்று எழுந்துகொள்வார். ஜன்னல் வழியாகக் கை நீட்டாமல் பார்த்துக்கொள்வது மட்டும் முழுநேர வேலை.

பறக்கும் ரயில்: எங்கள் வீட்டில் இதற்குத்தான் முதலிடம். வேளச்சேரியில் ஏறினால் போகும் தூரத்தைப் பொறுத்து 5 அல்லது 10 ரூபாய். ஐந்து வயதுக்குக் கீழே இலவசம். தூண்களின் மேல் ஓடுவதால் மாடி வீடுகளின் துணிக்கொடி, தண்ணீர்த் தொட்டி, அதன் மேல் காக்கா எல்லாம் கண்ணுக்கு நேராக வரும். கோட்டூர்புரத்துக்கும் பசுமைவழிச் சாலைக்கும் நடுவே அடையாறு ஆற்றைத் தாண்டும்போது மடியில் நிறுத்தித் தண்ணீரைக் காட்டுங்கள். நிலையங்களில் படிக்கட்டு நிறைய. தள்ளுவண்டி எடுத்துப் போனால் அதையும் சேர்த்து நீங்கள்தான் தூக்க வேண்டும்.

மெட்ரோ: குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். 90 செ.மீ. உயரத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். இரண்டு வயதில் பெரும்பாலும் அந்த உயரத்துக்குள்தான் இருப்பார்கள்; மூன்றை நெருங்கும்போது சுவரில் நிறுத்தி ஒருமுறை அளந்துவிடுங்கள். விமான நிலையம் போகும் ரயிலில் சைதாப்பேட்டை தாண்டியதும் வண்டி சுரங்கத்தை விட்டு வெளிச்சத்துக்கு வரும். அந்த இடத்தில் என் மகள் ஒவ்வொரு முறையும் "ஹா!" என்பாள். மே மாத வெயிலுக்கு இதைவிட மலிவான ஏசி உலா எனக்குத் தெரிந்து இல்லை. நகரும் படிக்கட்டில் குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள். மெத்தென்ற ரப்பர் செருப்பு அதன் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும்.

இது எதுவும் ஒத்துவராவிட்டால், பக்கத்து ரயில் நிலையத்தில் பிளாட்பார டிக்கெட் வாங்கி உட்கார்ந்துவிடுங்கள். 10 ரூபாய்க்கு இரண்டு மணி நேரம். ஒரு ரயில் வரும், ஒரு ரயில் போகும். கையில் பொரி இருந்தால் போதும். தண்டவாளத்திலிருந்து தள்ளி, சுவர் ஓரப் பெஞ்சாகப் பார்த்து உட்காருங்கள், கையை விடாதீர்கள்.

படி 3: பை

இரண்டு கையும் சும்மா இருக்கும்படி முதுகுப் பை. அதில் இரண்டு டயப்பர், ஒரு மாற்றுடை, ஈரத்துணி, பழைய துண்டு ஒன்று, தண்ணீர், அழுக்குத் துணிக்கு ஒரு கவர். துண்டை விட்டுவிடாதீர்கள். உட்கார விரிப்பும் அதுதான், வெயிலுக்குப் போர்வையும் அதுதான், ரயிலில் தூங்கிப்போனால் தலைக்கு அணையும் அதுதான். பையில் இருக்கும் டயப்பர் நனையாது, போட்டிருப்பதுதான் நனையும் என்று ஒருமுறை ஒன்றே ஒன்று எடுத்துப் போனேன். அந்தக் கதை வேண்டாம்.

சாப்பாட்டுக்கு எண்ணெய் தடவிய குட்டி இட்லி, வாழைப்பழம், பொரி. வெளியில் வாங்கித் தரும்போது காரத்தைவிட அடைப்புதான் ஆபத்து. முழு வேர்க்கடலை, முழுப் பட்டாணி, முழுத் திராட்சை மூன்றையும் இந்த வயதில் அப்படியே தரக்கூடாது. தொண்டையில் சிக்கும். சுண்டல் கேட்டு அடம் பிடித்தால் பட்டாணியை விரலால் நசுக்கிக் கொடுங்கள்.

படி 4: ஒரே ஓர் இடம்

காலையில் மியூசியம், அப்படியே பூங்கா, திரும்பும்போது கடற்கரை என்று போட்ட திட்டம் எதுவும் எனக்குக் கைகூடியதில்லை. ஒரு நாளுக்கு ஓர் இடம். நான் திரும்பத் திரும்பப் போகிற இடங்களைச் சொல்கிறேன்.

பெசன்ட் நகர் கடற்கரை. பெரம்பூரில் கிளம்பி மயிலாப்பூர், அடையாறு வழியாக வரும் 29சி பஸ், பெசன்ட் நகர் நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து கடலுக்குப் பொடிநடை. காலை ஏழு மணிக்குப் போனால் மணல் சுடாது, கூட்டம் இருக்காது, பலூன்காரரும் வந்திருக்க மாட்டார் (இது காசு மிச்சம்). வீட்டிலிருந்து ஒரு கரண்டியும் பழைய டப்பாவும் எடுத்துப் போங்கள். கடையில் விற்கும் பிளாஸ்டிக் மண்வெட்டி செட் தேவையே இல்லை.

குழந்தையை உலர்ந்த மணலிலேயே வைத்திருங்கள். கால் நனைக்க ஆசைப்பட்டால் தூக்கிக்கொண்டு நீங்கள் நில்லுங்கள், அதுவும் நுரை வந்து தொடும் இடத்தில் மட்டும். அங்கே தனியாக நிற்கும் வெள்ளை வளைவு, 1930இல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட ஷ்மிட் என்ற டென்மார்க் மாலுமிக்கு எழுப்பியது. நீச்சல் தெரிந்த மாலுமியையே இழுத்துக்கொண்ட கடல் அது. மெரினாவிலும் இதே கதைதான், அங்கேயும் அடியில் இழுப்பு அதிகம். பறக்கும் ரயிலில் கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கி மெரினாவுக்கு நடந்து போகலாம், ஆனால் அங்கே மணல் பரப்பு மிகவும் அகலம். தண்ணீரைப் பார்ப்பதற்குள் குழந்தை "தூக்கு" என்று கை நீட்டிவிடும்.

அண்ணா நூற்றாண்டு நூலகம், கோட்டூர்புரம். 2010இல் திறந்த ஒன்பது மாடிக் கட்டடம். குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு, நடுவில் பெரிய செயற்கை மரம். உள்ளே போகக் காசு கிடையாது. எழுத்துத் தெரியாத குழந்தைக்கு நூலகத்தில் என்ன வேலை என்று என் மாமியார் கேட்டார். படப் புத்தகத்தில் யானையைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. ஒரு யானை கிடைத்தால் அடுத்த யானை. பத்துப் புத்தகம் இப்படியே போய்விடும். கிழிக்கும் வயதில் இருந்தால் கெட்டி அட்டைப் புத்தகங்களாகப் பார்த்துக் கொடுத்து, பக்கத்தை நீங்கள் புரட்டுங்கள். மழைக்கும் வெயிலுக்கும் எங்கள் புகலிடம் இதுதான்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை. சிலைகள், நாணயங்கள் பக்கமெல்லாம் போகவே வேண்டாம். நேராக விலங்குகள் கூடத்துக்கு. அங்கே திமிங்கல எலும்புக்கூடு இருக்கிறது. என் மகள் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சாப்டாச்சா?" என்று கேட்டாள். யார் யாரைச் சாப்பிட்டது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. சில குழந்தைகளுக்குப் பாடம் செய்த விலங்குகளைக் கண்டால் பயம் வரும். வந்தால் வற்புறுத்தாமல் வெளியே வந்துவிடுங்கள். வளாகத்தில் மரநிழலும் படிக்கட்டும் உண்டு, இந்த வயதுக்கு அதுவே போதும்.

கிண்டி சிறுவர் பூங்கா. செவ்வாய்க்கிழமை விடுமுறை. புதுப்பித்த பிறகு நுழைவுக் கட்டணம் கூடியிருக்கிறது, ஆனாலும் நம் கணக்குக்குள் வரும். மானும் பறவையும் கிட்டத்தில் தெரியும், நடக்கும் தூரமும் குறைவு.

வண்டலூர் உயிரியல் பூங்கா? மூன்று வயது முடியட்டும். 602 ஹெக்டேர் காடு அது. இரண்டு வயதுக் குழந்தை புலியைப் பார்க்குமுன் அணில் பின்னால் போய்விடும். அணில் நம் தெருவிலேயே உண்டு. வண்டலூரும் செவ்வாயன்று மூடியிருக்கும்.

இவ்வளவு தூரமெல்லாம் முடியாத நாட்களில் தெருமுனை மாநகராட்சிப் பூங்கா. மயிலாப்பூர்க்காரர்களுக்கு லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா, அண்ணா நகர்க்காரர்களுக்கு டவர் பார்க். சறுக்குமரத்தில் விடுமுன் கையை வைத்துச் சூடு பாருங்கள். தகரச் சறுக்கு வெயிலில் தோசைக்கல்தான்.

படி 5: போய்ச் சேர்ந்ததும் சும்மா இருங்கள்

"இங்கே பார், அங்கே பார்" என்று இழுக்காதீர்கள். முதல் பத்து நிமிஷம் குழந்தை எதைப் பார்க்கிறது என்று பாருங்கள். கடலைப் பார்க்கப் போய், அரை மணி நேரம் நாய் ஒன்று குழி தோண்டுவதைப் பார்த்திருக்கிறோம். நாய்க்குப் பத்தடி தள்ளி நின்றுதான். போட்டோ எடுப்பதை முதல் ஐந்து நிமிஷத்திலேயே முடித்துவிடுங்கள், அப்போதுதான் முகம் சுத்தமாக இருக்கும்.

கழிப்பறை விஷயத்தில் மட்டும் சும்மா இருக்கக் கூடாது. இறங்கிய உடனே எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். நூலகத்திலும் மெட்ரோ நிலையத்திலும் கவலையில்லை. கடற்கரைக்குப் போகும் நாளில் டயப்பர் பழக்கத்தை விட்டுக்கொண்டிருக்கும் குழந்தைக்கும் ஒன்று மாட்டிவிடுவதில் தப்பே இல்லை. இதற்காக யாராவது முகம் சுளித்தால் அவர்களையே பிள்ளையை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

படி 6: நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும்போதே கிளம்புங்கள்

கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிட்டால் தாமதம்தான். அதற்குக் கால் மணி முன்னால் "இன்னும் மூணு டப்பா மண்ணு, அப்புறம் பஸ்" என்று சொல்லிவிடுங்கள். மூன்றையும் எண்ணி முடித்துக் கிளம்பினால் பாதி நாள் அழுகை இருக்காது. மீதிப் பாதி நாளுக்குத்தான் வாழைப்பழம்.

திரும்பும் பஸ்ஸில் ஏறியதும் காலணியைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுங்கள். தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டு இறங்கும்போது ஒற்றைச் செருப்பு கீழே விழுந்தால் நமக்குத் தெரியாது. இந்த வகையில் இதுவரை இரண்டு ஜோடி போயிருக்கிறது. எங்கள் உலாச் செலவிலேயே பெரிய தொகை அதுதான்.