கிழங்கு வேகட்டும், பழம் பச்சையாக இருக்கட்டும்

கேரட்டையும் பீட்ரூட்டையும் பச்சையாகவே நறுக்கி, பழத்தோடு மிக்ஸியில் போட்டுச் சுற்றினால் ஸ்மூத்தி தயார் என்றுதான் பல குறிப்புகள் சொல்கின்றன. அப்படி அரைத்தால் கிடைப்பது நார் மிதக்கும் சாறுதான். குடித்தால் துருவல் நாக்கில் தங்கும். சற்று நேரம் வைத்தால் தண்ணீர் வேறு, சக்கை வேறு என்று பிரிந்து நிற்கும். உடனே கை வடிகட்டியைத் தேடும். வடிகட்டிவிட்டால், எதற்காக முழுக் காயையும் பழத்தையும் அரைத்தோமோ அந்த நார்ச்சத்தே குப்பைக்குப் போய்விடும். இதற்கு என் வழி எளிது: கிழங்கு வகைகளை முன்கூட்டியே வேகவைத்துக்கொள்ளுங்கள். பழத்தைப் பச்சையாகவே சேருங்கள். வடிகட்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் அம்மாவால் கடினமானதை மெல்ல முடியாது. மகளுக்கோ பீட்ரூட்டின் மண்வாடை ஆகாது. இருவரும் முகம் சுளிக்காமல் குடிக்கும் அளவுகளைத்தான் கீழே தருகிறேன்.

வேகவைத்தால் சத்து போய்விடாதா என்று கேட்பவர்கள் உண்டு. வைட்டமின் சி குறையும் என்பது உண்மைதான். ஆனால் கேரட்டை நாம் அதற்காகவா சாப்பிடுகிறோம்? அதன் பெருமை, உடலில் வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டின். அது செல்சுவர்களுக்குள் அடைபட்டிருக்கிறது. சூடும் அரைப்பும் அந்தச் சுவர்களைத் தளர்த்துவதால், பச்சைக் கேரட்டைவிட வெந்து மசிந்த கேரட்டிலிருந்து உடலுக்கு அது கூடுதலாகக் கிடைக்கிறது. வைட்டமின் சி-யைப் பச்சையாகச் சேர்க்கும் ஆரஞ்சும் எலுமிச்சையும் பார்த்துக்கொள்ளும். பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது என்பதால் கூடவே கொஞ்சம் கொழுப்பும் வேண்டும். நான் ஊறவைத்த பாதாம் சேர்ப்பதற்கு அதுதான் காரணம்.

இரண்டு பெரிய டம்ளருக்கு அளவு இது: வெந்த கேரட் 100 கிராம், வெந்த பீட்ரூட் 50 கிராம், பெரிய ஆரஞ்சு ஒன்று, ஒரு சிறிய ஆப்பிள், இரவே ஊறவைத்துத் தோலுரித்த பாதாம் ஆறு, சுண்டுவிரல் நகமளவு இஞ்சி, எலுமிச்சைச் சாறு இரண்டு தேக்கரண்டி, குளிர்ந்த தண்ணீர் 150 மில்லி. சர்க்கரையோ தேனோ வேண்டாம். வெந்த கிழங்கின் இனிப்பும் பழத்தின் இனிப்புமே போதும். பீட்ரூட் கேரட்டில் பாதிதான் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நிறத்துக்கு ஆசைப்பட்டு அதைக் கூட்டினால், மற்ற எல்லாச் சுவையையும் அதுவே விழுங்கிவிடும்.

பீட்ரூட்டைத் தோலோடு, முழுதாக வேகவையுங்கள். வால் போன்ற வேரையும் அப்படியே விடுங்கள். மேலே காம்பில் ஓர் அங்குலம் இருக்கட்டும். வெட்டிவிட்டுத் தண்ணீரில் போட்டால் சிவப்பும் சத்தும் அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும். போடுவதற்கு முன் மண் போகத் தேய்த்துக் கழுவ வேண்டும், தோல் பிறகு உரியத்தானே போகிறது என்று விட்டுவிடக்கூடாது. நடுத்தர அளவுப் பீட்ரூட் சாதாரணப் பாத்திரத்தில் முக்கால் மணி நேரம் வரை எடுக்கும். குக்கரில் சீக்கிரம் முடிந்துவிடும். கடிகாரத்தைவிடக் கத்தியை நம்புங்கள். நுனியை நடுவில் செருகினால் தடையில்லாமல் இறங்கி, தூக்கும்போது காய் கூடவே வராமல் நழுவ வேண்டும். ஆறியதும் கட்டைவிரலால் தோலை ஒரு பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். வெந்த பீட்ரூட்டின் தோல் சுருங்கிக்கொண்டு அப்படியே கழன்று வரும். எங்காவது ஒட்டிக்கொண்டால் அந்த இடம் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம்.

மண்வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள். மழை விழுந்த மண்ணின் வாசனையில் இருப்பதும் அதுவே. தோலை ஒட்டிய பகுதியில்தான் அது அதிகம் என்பதால் தோலை முழுதாக நீக்குங்கள். புளிப்பு பட்டால் அது சிதையும். ஆகவே எலுமிச்சைச் சாற்றைக் கடைசியில் டம்ளரில் பிழிவதில் பயன் குறைவு. நறுக்கிய பீட்ரூட்டின் மேலேயே பிழிந்து, மற்ற வேலைகளை முடிக்கும் வரை ஊறவிடுங்கள். புளிப்பில் அதன் சிவப்பும் நன்றாக நிலைத்து நிற்கும். மகள் மறுக்காமல் குடிக்கத் தொடங்கியது இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகுதான்.

கேரட்டை அரை அங்குல வட்டங்களாக நறுக்கி ஆவியில் 10 முதல் 12 நிமிடம் வைத்தால் போதும். விரலுக்கிடையில் அழுத்தினால் மசிய வேண்டும்.

தினமும் காலையில் அடுப்பு மூட்டி இதையெல்லாம் செய்ய யாராலும் முடியாது. ஒரே தடவையாக வேகவைத்து, ஆறவிட்டு, சிறு துண்டுகளாக்கி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறையவையுங்கள். கட்டியானதும் டப்பாவில் கொட்டி மூடி மறுபடி உறைபெட்டியில் வைத்துவிடலாம். வேண்டிய அன்று வேண்டிய அளவு எடுத்தால், குளிர்ச்சிக்காக ஐஸ் சேர்க்க வேண்டியதில்லை. ஐஸ் கரைந்து சுவையை நீர்க்கச் செய்யும், உறைந்த கேரட் அப்படிச் செய்யாது. மிக்ஸியின் பிளேடு சிறியது என்றால் துண்டுகளைப் பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இனி அரைப்பது. முதலில் பாதாமையும் இஞ்சியையும் நான்கு தேக்கரண்டி தண்ணீர் மட்டும் விட்டு அரையுங்கள். தண்ணீர் அதிகமானால் பாதாம் பிளேடுக்குச் சிக்காமல் சுற்றிச் சுற்றி ஓடும். விழுதைத் தொட்டுப் பார்த்தால் குருணை தட்டக்கூடாது. அடுத்து கேரட், பீட்ரூட். அவையும் மசிந்த பிறகு ஆரஞ்சும் ஆப்பிளும். ஆரஞ்சின் வெள்ளைத் தோலையும் விதைகளையும் கட்டாயம் எடுத்துவிடுங்கள். ஒரு விதை அரைபட்டால்கூட மொத்தமும் கசக்கும். ஆப்பிளைத் தோலோடு சேர்க்கலாம். கடைசி நிமிடத்தில் நறுக்கினால் கறுக்காது. மீதித் தண்ணீரை விட்டு, அரை நிமிடம் ஓட்டி நிறுத்தி, மறுபடி அரை நிமிடம் ஓட்டுங்கள். விடாமல் ஓட்டினால் மிக்ஸியும் சூடாகும், உள்ளே இருப்பதும் சூடாகும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் சொட்டாமல் ஒரே பட்டையாக இறங்க வேண்டும், அதுதான் பதம்.

மாற்றிச் செய்ய விரும்புகிறவர்களுக்கு என் விருப்பம் சர்க்கரைவள்ளி. 100 கிராம் வெந்த சர்க்கரைவள்ளி, பாதி வாழைப்பழம், 200 மில்லி பால், ஒரு சிட்டிகை பட்டைத்தூள். பாலாடை போன்ற வழவழப்பு வரும், வயிறும் நெடுநேரம் தாங்கும். இதில் பச்சை இஞ்சி சேர்க்காதீர்கள். இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. பாலோடு நிற்க நிற்கக் கசப்பு ஏறும். அன்னாசி, பப்பாளி, கிவி மூன்றுக்கும் இதே குணம் உண்டு. அவற்றைப் பாலோ தயிரோ சேர்த்து அரைத்தால் அரைத்த கையோடு குடித்துவிட வேண்டும்.

வாழைப்பழத்தைப் பற்றி இன்னொன்று. ஸ்மூத்தியில் அதைச் சேர்த்து அரைக்கும்போது, வாழையில் உள்ள பாலிஃபீனால் ஆக்சிடேஸ் நொதி, பெர்ரி போன்ற பழங்களில் உள்ள ஃபிளேவனால் என்ற நற்பொருள் உடலில் சேருவதை வெகுவாகக் குறைக்கிறது என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வாழைப்பழம் கெட்டதல்ல. பெர்ரி போடும் நாளில் அதை வேறொரு வேளையில் தனியாக உரித்துச் சாப்பிடுங்கள். கீரை சேர்க்க நினைத்தால் பீட்ரூட்டை விட்டுவிடுங்கள், பச்சையும் சிவப்பும் கலந்தால் சேற்று நிறம்தான் வரும்.

எல்லாக் கிழங்கையும் இதில் போடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். மரவள்ளியைப் பச்சையாக ஒருபோதும் அரைக்கக்கூடாது. அதில் சயனைடை வெளிவிடும் பொருள்கள் இருக்கின்றன. சேம்பும் சேனையும் வேகாவிட்டால் தொண்டையை அரிக்கும். ஸ்மூத்திக்கு கேரட், பீட்ரூட், சர்க்கரைவள்ளி மூன்றும் தாராளம்.

பீட்ரூட் சாப்பிட்ட பிறகு சிலருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது பீட்ரூட்டின் நிறமிதான், பயப்பட வேண்டாம். சாப்பிடாத நாளிலும் அப்படி வந்தால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள். ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்கள் பீட்ரூட்டையும் பாதாமையும் தவிர்ப்பது நல்லது. சிறுநீரக நோய்க்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள், இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நீரிழிவுக்காரர்களுக்கு நார் வடிகட்டப்படாதது ஓரளவு நல்லது என்றாலும், அரைத்துக் குடிப்பது மென்று தின்பதைவிட வேகமாக உள்ளே போகிறது. ஒரு டம்ளருக்கு மேல் ஆசைப்படாமல், உணவோடு, மெதுவாகக் குடிக்க வேண்டும்.

மீந்தால் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, காற்றுக்கு இடம் விடாமல் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

குடித்த கையோடு ஜாரைக் கழுவிவிட வேண்டும். பீட்ரூட்டின் சிவப்பு தண்ணீரிலேயே போய்விடும். பிளாஸ்டிக் மூடியில் படியும் மஞ்சள் கறை கேரட்டுடையது, சோப்புக்கு அசையாது. ஒரு சொட்டுச் சமையல் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்துவிட்டு, பிறகு சோப்புப் போடுங்கள்.