பூனையும் வேணும், தோட்டத்துக் குருவியும் வேணும்னா என்ன செய்யணும்? புதுசா பூனை வளக்குறவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

போன சித்திரைல எங்க எலுமிச்சைச் செடில ஒரு தையல்சிட்டு கூடு கட்டிச்சு. ரெண்டு இலைய ஒண்ணா சேத்து நாரு வச்சு தைச்சிருந்துச்சு, தரைலேந்து என் இடுப்பு உயரம் கூட இல்ல. உள்ள மூணு குஞ்சு. தெனமும் காபிய எடுத்துட்டுப் போயி தூரமா நின்னு பாப்பேன். ஒரு நாள் காலைல ஆறு மணிக்கு கொல்லைக் கதவத் திறந்தேன், எங்க முத்து (பூனை, ரெண்டு வயசு) வெளிய ஓடுச்சு, நான் பால் காய்ச்சிட்டு வரதுக்குள்ள கூடு கிழிஞ்சு கிடந்துச்சு, தாய்க்குருவி மதில் மேல உக்காந்து அன்னிக்கு பூரா கத்திட்டே இருந்துச்சு. முத்துவ நான் திட்டல. அது பூனை, அதுக்குத் தெரிஞ்சத செஞ்சுச்சு. கதவத் திறந்து விட்டது நானு. அந்த நாள்லேந்து படிச்சு, டாக்டர்கிட்ட கேட்டு, வீட்டுல செஞ்சு பாத்ததத்தான் கீழ எழுதிருக்கேன்.

ஸ்டெப் 1: ஒரு வாரம் சும்மா கவனிங்க

"எங்க பூனை எலியத் தவிர ஒண்ணையும் தொடாது"ன்னு சொல்றவங்க நிறைய பேரு, நானும் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன். அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல 55 வளர்ப்புப் பூனை கழுத்துல சின்ன கேமரா மாட்டி விட்டுப் பாத்தாங்க. பிடிச்சதுல கால்வாசி கூட வீட்டுக்கு வரல, மிச்சத்த அங்கயே தின்னுடுச்சு இல்லன்னா கொன்னு போட்டுட்டு வந்துடுச்சு. அதனால வாசல்ல நீங்க பாக்குற ஒரு செத்த குருவிக்குப் பின்னாடி நீங்க பாக்காதது இன்னும் இருக்கும், ஓணான், அரணை, தவளை எல்லாம் சேத்துதான்.

ஒரு நோட்டுல எழுதி வைங்க: எத்தன மணிக்கு வெளிய போகுது, எந்தப் புதர் பக்கம் பதுங்குது, எந்தச் செடில கூடு இருக்கு. தவிட்டுக்குருவி கூட்டம் ஒரே இடத்தப் பாத்து கத்துனாலோ அணில் விடாம கீச் கீச்னு கத்துனாலோ உடனே போயி பாருங்க, பெரும்பாலும் அங்க பூனை இருக்கும். எங்க வீட்டுல அந்த ஒரு வாரத்துலயே தெரிஞ்சிடுச்சு, முத்து போறது எல்லாமே விடியக்காலையும் பொழுது சாயுற நேரமும்தான்.

ஸ்டெப் 2: கதவுக்கு டைம் வைங்க

இது ஒண்ண மட்டும் செஞ்சா கூட பெரிய விஷயம். பறவைங்க தரைல இறங்கி இரை தேடுறதும் பூனைக்கு வேட்டை சூடு பிடிக்கிறதும் ஒரே நேரம். அதனால சாயங்காலம் அஞ்சு மணிக்கே சாப்பாடு வச்சு உள்ள கூப்பிட்டு கதவ சாத்திடுங்க, மறுநாள் எட்டு மணிக்கு மேல திறங்க. மொத நாலஞ்சு நாள் கதவப் பிராண்டும், கத்தும், பாவமாத்தான் இருக்கும், திறந்துடாதீங்க, ஒரு தடவ திறந்தா கத்துனா திறப்பாங்கன்னு கத்துக்கும்.

தோட்டத்துல கூடு இருக்குன்னா குஞ்சு பறக்குற வரைக்கும் முழுசா உள்ளயே வைங்க. தையல்சிட்டு, கொண்டைக்குருவி மாதிரி சின்னப் பறவைங்களுக்கு முட்டை பொரிய ரெண்டு வாரத்துக்குக் கொஞ்சம் கம்மி, பொரிஞ்சு வெளிய வர இன்னொரு ரெண்டு வாரம், ஆக மொத்தம் ஒரு மாசம் பொறுக்கணும் அவ்ளோதான். ஜெர்மனில வால்டார்ஃப்னு ஒரு ஊர்ல 2022ல, தரைல கூடு கட்டுற கொண்டை வானம்பாடி கொஞ்சம்தான் மிச்சம் இருக்குன்னு, ஆகஸ்ட் கடைசி வரைக்கும் பூனைய வெளிய விடக்கூடாதுன்னு உத்தரவே போட்டாங்க. நமக்கு யாரும் உத்தரவு போட வேணாம், நாமளே செய்யலாம்.

புதுசா குட்டி எடுத்துட்டு வரீங்கன்னா மொதல்லேந்தே வீட்டுக்குள்ளயே வளத்துப் பழக்குங்க, அது ரொம்ப ஈஸி. மணல் போட்ட ட்ரே ஒண்ணு, ஏறி உக்காந்து வெளிய பாக்க ஜன்னல் ஓரமா ஒரு பலகை, பால்கனி இருந்தா புறாவுக்கு அடிக்கிற நெட். கொசுவலைய நம்பாதீங்க, ரெண்டே நாள்ல நகத்தால கிழிச்சிடும்.

ஸ்டெப் 3: விளையாட்டும் கறியும்

வயிறு ரொம்பிருந்தாலும் பூனை வேட்டையாடும், பசி வேற வேட்டை வேற. ஆனா என்ன சாப்பாடுங்கறது முக்கியம். இங்கிலாந்துல எக்ஸிடர் யுனிவர்சிட்டில 219 வீட்டுல 355 பூனைய வச்சு செஞ்ச ஆராய்ச்சி 2021ல வந்துச்சு. கறிப் புரோட்டீன் ஜாஸ்தியா இருக்குற சாப்பாடு குடுத்த வீட்டுல பூனை பிடிச்சு எடுத்துட்டு வரது 36 சதவீதம் கொறஞ்சுது. தெனமும் அஞ்சு பத்து நிமிஷம் கூட விளையாடுனவங்க வீட்டுல 25 சதவீதம் கொறஞ்சுது.

நம்ம ஊர்ல பூனைக்கு பால் சாதம், தயிர் சாதம்னு போட்டு பழக்கிடுறோம். பூனைக்கு டாரின்னு ஒரு சத்து கறி மீன்லேந்துதான் கிடைக்கணும், சோத்துல அது கிடையாது. உப்பு, வெங்காயம் எதுவும் போடாம வேக வச்ச சிக்கன், முள்ளு எடுத்த மீன், கூடவே நல்ல கேட் ஃபுட், இப்படி டாக்டர்கிட்ட கேட்டு மெதுவா மாத்துங்க. கருவாடு வேணாம், உப்பு ஜாஸ்தி. விளையாட்டுக்கு ஒரு குச்சில கயிறு கட்டி நுனில துணித்துண்டு முடிஞ்சா போதும், அது பதுங்கி பாஞ்சு கடிக்க விடுங்க, முடிஞ்ச கையோட சாப்பாடு வைங்க, நல்லா தூங்கும். விளையாடி முடிச்சதும் கயிற எடுத்து உள்ள வச்சிடணும், முழுங்கிடுச்சுன்னா ஆபத்து.

ஸ்டெப் 4: கழுத்துப் பட்டி

மணி கட்டுனா போதும்னு எல்லாரும் சொல்வாங்க. அதே எக்ஸிடர் ஆராய்ச்சில மணியால பெருசா பிரயோஜனம் தெரியல. ஆனா பளிச்னு கலர்ல இருக்குற துணி வளையத்த பட்டி மேல மாட்டுனப்ப பறவை பிடிக்கிறது 42 சதவீதம் கொறஞ்சுது, ஏன்னா பறவைக்கு கலர் நல்லா தெரியும், தூரத்துலயே பாத்துட்டு பறந்துடும். நான் டெய்லர் கடைலேந்து சிவப்பு மஞ்சள் வெட்டுத்துணி வாங்கி தைச்சுப் போட்டேன். பட்டி மட்டும் இழுத்தா தானா கழண்டுக்கிற மாதிரி வாங்குங்க, இல்லன்னா கிளைல மாட்டி கழுத்து இறுகிடும்.

ஸ்டெப் 5: தோட்டத்த மாத்துங்க

தென்னை மரத்துல எலி ஏறாம தகரம் அடிப்பாங்கல்ல, அதே டெக்னிக்தான். கூடு இருக்குற மரத்துல ரெண்டடி அகலத் தகரத்த, பூனை எகிறிப் பிடிக்க முடியாத உயரத்துல சுத்திக் கட்டுங்க, ஆணி வேணாம், கம்பி போதும், பக்கத்துல மதில் இருந்தா இது வேலைக்காகாது. பறவைங்களுக்கு வைக்கிற தண்ணிக் கிண்ணத்தயும் அரிசித் தட்டயும் புதர்லேந்து ஏழெட்டு அடி தள்ளி, உயரமா, சுத்தி வெட்டவெளியா இருக்குற இடத்துல வைங்க. பதுங்க இடம் இருந்துச்சுன்னா நாமளே பொறி வச்ச மாதிரி ஆயிடும்.

ஸ்டெப் 6: ஆபரேஷன்

நாலஞ்சு மாசத்துலயே கருத்தடை பண்ணிடுங்க, ஆணோ பெண்ணோ. சினைக்காலம் ரெண்டு மாசம்தான், ஒரு ஈத்துக்கு நாலு குட்டி, அதுல பாதி தெருவுக்குத்தான் போகும். அமெரிக்காவுல பூனைங்க வருஷத்துக்கு 130 கோடிலேந்து 400 கோடி பறவைங்கள கொல்லுதுன்னு 2013ல ஒரு கணக்கு வந்துச்சு, அதுல பெரும்பகுதி சொந்தக்காரங்க இல்லாத பூனைங்க. அந்தத் தெருப்பூனை ஏதோ ஒரு வீட்டுக் குட்டியோட வாரிசுதான். தயவுசெஞ்சு தள்ளிப் போடாதீங்க.

ஸ்டெப் 7: பிடிச்சிடுச்சுன்னா

பூனை வாய்லேந்து மீட்ட பறவை நல்லாத்தான் இருக்குற மாதிரி தெரியும், கண்ண நம்பாதீங்க. பூனை எச்சில்ல பாஸ்டுரெல்லான்னு ஒரு பாக்டீரியா இருக்கு, ஊசி முனை அளவு பல்லு பட்டா கூட ரெண்டு மூணு நாள்ல செத்துப் போகலாம், மருந்து சில மணி நேரத்துக்குள்ள போயாகணும். அட்டைப் பெட்டில ஓட்ட போட்டு, பழைய காட்டன் துணி விரிச்சு, உள்ள விட்டு மூடி, இருட்டா கதகதப்பா வைங்க. வாய்ல தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். உடனே கால்நடை டாக்டர்கிட்ட கொண்டு போங்க, சென்னைல இருக்கீங்கன்னா ப்ளூ கிராஸ்ல கேக்கலாம். குணமாச்சேன்னு கூண்டுல வச்சு வளக்கக் கூடாது, 1972 வனவிலங்குச் சட்டப்படி அது தப்பு.

அடி எதுவும் படாம, எறகு முளைச்ச குஞ்சு தரைல தத்திட்டு இருந்தா அது பறக்கப் பழகுது, பக்கத்துல இருக்குற கிளைல தூக்கி வச்சா போதும், நம்ம கை பட்டா தாய் ஒதுக்கிடும்ங்கறது பொய். வச்சிட்டு நேரா உள்ள போயி உங்க பூனை எங்க இருக்குன்னு பாத்து கதவ சாத்துங்க.